லான்சருக்கு ஒரு சைலன்சர்!

உங்கள் கிளாஸில் நிச்சயம் ஒருத்தன் இருப்பான். மாமாவோ சித்தப்பாவோ 'ஷெட்டுல சும்மாதான் கெடக்கு, எடுத்துக்கோடா' என்று தூக்கிக் கொடுத்த பழைய மிட்சுபிஷி லான்சரில் காலேஜுக்கு வந்து இறங்குவான். பார்க்க சிக்கென்று இருக்கும். ஆனால், அவன் வருவது ரெண்டு தெரு தாண்டியே காதில் விழும். பின்னால் சைலன்சர் 'தட தட தட'... ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கினால் அடியில் 'டொம்'! 'மச்சி, பேசாம காயலான் கடையில போட்டுடு' என்று அட்வைஸ் பண்ணாத ஆளே இருக்க மாட்டார்கள்.

அந்த ஒருத்தன் நீங்கள்தான் என்றால், காயலான் கடைக்கு முன்னால் ஒரு சனிக்கிழமையை மட்டும் எடுத்து வையுங்கள். பாடியில் ஆரம்பித்து அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என ஒரு ரவுண்டு. ஞாயிறு வேண்டாம்... பட்டறை பாதி பூட்டியிருக்கும். கார் இல்லாதவர்களும் வரலாம். பக்கத்து சீட் காலிதானே!

ஏன் இந்த ஏரியா? உங்கள் வண்டி பிறந்ததே இந்த ரோட்டில்தான் பாஸ். பாடியிலிருந்து அம்பத்தூர், ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர் என்று நீளும் சி.டி.ஹெச். ரோடு, அதாவது சென்னை - திருவள்ளூர் நெடுஞ்சாலை, போய் முடிகிற திருவள்ளூரில்தான் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலை இருந்தது. கொல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் அம்பாசிடர் செய்துகொண்டிருந்த அதே கம்பெனி, 1998-ல் இங்கே மிட்சுபிஷியோடு சேர்ந்து லான்சரை இறக்கியது. அப்புறம் 2006-ல் சீடியா. இப்போது மிட்சுபிஷி இந்தியாவில் கார் விற்பதில்லை. அதே திருவள்ளூர் தொழிற்சாலையில் 2021-லிருந்து சிட்ரோயன் கார்கள் தயாராகின்றன.

'லான்சரெல்லாம் ஸ்போர்ட்ஸ் காரா?' என்று ஃபெராரி போஸ்டர் ஒட்டியவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், தொண்ணூறைத் தொடாத குதிரைத்திறன். கணக்குப்படி அது ஒரு குடும்ப செடான்தான். ஆனால், உலக ராலி சாம்பியன்ஷிப்பில் ஃபின்லாந்துக்காரர் டாமி மாக்கினன் 1996-லிருந்து 1999 வரை வரிசையாக நாலு வருஷம் பட்டம் ஜெயித்தது லான்சர் எவல்யூஷனில். திருவள்ளூரில் முதல் லான்சர் வெளியே வந்த அதே 1998-ல் அவர் ஓட்டிக்கொண்டிருந்த எவல்யூஷனும் இதே தலைமுறை பாடிதான். இன்ஜின்தான் வேறு... ரெண்டு லிட்டர் டர்போ, 280 குதிரை! நம்ம ஊர் ராலிகளிலும் சீடியா பல வருஷம் புழுதி கிளப்பியிருக்கிறது. பழைய லான்சர் ஓனர்களுக்கு ஏன் இவ்வளவு கெத்து என்று இப்போது புரிகிறதா? அண்ணன் சாம்பியன், தம்பி ஆபீஸ் போகிறவன். ரத்தம் ஒண்ணு!

சரி, வண்டியை எடுங்கள். மெதுவாக.

பாடியில் பஸ் ஸ்டாப் பெயர்களைப் படித்தாலே போதும், ஆட்டோமொபைல் சிலபஸில் பாதி முடிந்துவிடும். லூகாஸ் டி.வி.எஸ். என்று ஒரு ஸ்டாப். ஸ்டார்ட்டர் மோட்டாரும் டைனமோவும் செய்கிற கம்பெனி. பக்கத்திலேயே பிரேக்ஸ் இந்தியா, வீல்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன். எல்லாம் 1960-களின் தொடக்கத்தில் வரிசையாக முளைத்தவை. நடுவில் பிரிட்டானியா ஸ்டாப் வந்து பிஸ்கட் வாசனை காட்டி டைவர்ட் பண்ணும். இன்னும் உள்ளே போனால் டி.ஐ. சைக்கிள்ஸ், டன்லப். டன்லப் டயர் தொழிற்சாலை ஓடுவது நின்று பல வருஷம் ஆச்சு. ஆனால், கண்டக்டர் இன்னமும் 'டன்லப் எறங்கு' என்றுதான் குரல் கொடுக்கிறார். பிரேக், சக்கரம், ஸ்டார்ட்டர், டயர்... ஒரு காரைப் பிரித்துப் போட்டு ரோட்டோரம் அடுக்கி வைத்த மாதிரி ஊர்!

இந்தப் பெரிய கேட்டுகளுக்குள் உங்களுக்கு வேலை இல்லை. உங்களுக்கு வேண்டியவர்கள் அம்பத்தூர் எஸ்டேட்டுக்குள், அதைச் சுற்றிய சந்துகளில் இருக்கிறார்கள். 1960-களில் அரசாங்கம் உருவாக்கிய தொழிற்பேட்டை இது. பெரிய கம்பெனிக்கு போல்ட்டும் புஷ்ஷும் பிராக்கெட்டும் அடித்துக் கொடுப்பதற்காக ஆயிரக்கணக்கில் சின்னச் சின்ன யூனிட்கள். எஸ்டேட்டின் ஒரு பக்கம் கண்ணாடி வைத்த ஐ.டி. கட்டடங்களாகி, டேக் மாட்டிய கூட்டம் டீக்கடையில் நிற்கிறது. அதே டீக்கடையில் கை முழுக்க கிரீஸோடு ஒரு லேத்துக்கார அண்ணனும் நிற்பார். அவர்தான் உங்கள் ஆள். பார்க்கிற இடத்தில் 'சார்' போடாதீர்கள், 'அண்ணே' போதும். பதிலுக்கு 'தம்பி' வந்துவிட்டால் பாதி ரேட் குறைந்த மாதிரி.

முதலில் சைலன்சர்.

கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி: 'சத்தம் எங்கேர்ந்து வருது தம்பி?' இதற்கு 'பின்னாடி' என்று பதில் சொன்னால் நீங்கள் ஏமாறத் தயார் என்று அர்த்தம். இன்ஜினிலிருந்து வெளியே வரும் புகை முதலில் மேனிஃபோல்டில் சேரும். அப்புறம் கேட்டலிடிக் கன்வர்ட்டர், நடுவில் ரெசனேட்டர் என்ற சின்ன டப்பா, கடைசியில் மஃப்ளர் என்ற பெரிய டப்பா. இந்தக் கடைசி டப்பாவைத்தான் நாம் சைலன்சர் என்கிறோம். நாலில் எது போச்சு என்று தெரியாமல் நாலையும் மாற்றுவது முட்டாள்தனம்.

கண்டுபிடிக்க ஒரு ஈஸி வழி. காலையில் இன்ஜின் சூடேறுவதற்கு முன்னால் ஸ்டார்ட் செய்து, மடித்த ஈரத் துணியால் பின்பக்கப் பைப் வாயை ஒரு செகண்ட் மட்டும் அடையுங்கள். எங்கே ஓட்டையோ, அங்கே 'புஸ்ஸ்...' என்று கேட்கும். கரிப் புகை படிந்து கறுத்த இடமும் காட்டிக்கொடுக்கும். பெரும்பாலும் மஃப்ளர்தான் முதலில் சாகும். காரணம் தண்ணீர்! பெட்ரோல் எரிந்தால் தண்ணீர் ஆவி வரும். வண்டி நன்றாகச் சூடானால் அது வெளியே போய்விடும். வீட்டிலிருந்து காலேஜ், காலேஜிலிருந்து வீடு என்று நாலு நாலு கிலோமீட்டர் ஓட்டினால் டப்பாவுக்குள்ளேயே குளிர்ந்து தேங்கும். அதோடு புகையில் இருக்கும் அமிலமும் சேர்ந்து உள்ளேயிருந்து அரித்துத் தின்னும். வெளியே பெயின்ட் பளபள, உள்ளே சல்லடை!

இதை 'சத்தம்தானே' என்று விடாதீர்கள். ஓட்டை கார் அடிப்பக்கம் நடுவில் இருந்தால் புகை உள்ளே ஏறும். அதில் இருக்கும் கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறம் கிடையாது, மணம் கிடையாது. தலைவலி, தூக்கம்... அப்புறம் எழுந்திருக்கவே முடியாமல் போகலாம். மழைக்கு ஒதுங்கி, கண்ணாடியை ஏற்றி, ஏ.சி. போட்டு, இன்ஜின் ஓட நாலு பேர் உள்ளே உட்கார்ந்து பாட்டுக் கேட்கிற பழக்கம் உங்கள் கேங்கில் உண்டா? சைலன்சர் மாறும் வரை அதற்குத் தடா.

மாற்றுவது என்று முடிவானால், மூணு ரூட் இருக்கிறது. ஒரிஜினல் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். ஆனால், மிட்சுபிஷி கடையைக் கட்டிய பிறகு அது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. ரெண்டாவது புதுப்பேட்டை. பிரித்துப்போட்ட வண்டியிலிருந்து கழற்றிய செகண்ட் ஹேண்ட். கதவுக் கைப்பிடிக்கும் கண்ணாடிக்கும் புதுப்பேட்டை சொர்க்கம். சைலன்சருக்கு வேண்டாம். அதுவும் உங்களுடையதைப் போலவே இருபது வருஷம் தண்ணீர் குடித்த டப்பாதான்! மூணாவது, அம்பத்தூர் மாதிரி இடத்தில் கையால் செய்து வாங்குவது. என் ஓட்டு இதற்குத்தான்.

செய்யக் கொடுக்கும்போது பாக்கெட்டில் ஒரு காந்தம் எடுத்துப் போங்கள். 'எஸ்.எஸ்.தான் தம்பி' என்பார்கள். எந்த எஸ்.எஸ்.? நம் வீட்டு டிபன் பாக்ஸ் ரகமான 304-ல் காந்தம் ஒட்டாது. துரு கிட்டத்தட்ட வராது, விலை அதிகம். 409 என்று ஒரு ரகம், காந்தம் நன்றாக ஒட்டும். ஒட்டுகிறதே, இது ஸ்டீலே இல்லை என்று சண்டைக்குப் போகாதீர்கள். உலகத்தில் பெரும்பாலான கார் கம்பெனிகள் புகைக் குழாய்க்குப் பயன்படுத்துவதே அந்த ரகம்தான். மேலே லேசாகப் பழுப்பேறும், ஆனால் தாங்கும். சாதா இரும்பு சீக்கிரம் போகும். பட்ஜெட் கையைக் கடித்தால் பைப்பை மட்டும் எஸ்.எஸ். போட்டு, டப்பாவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பாதிக் கிணறு தாண்டாதீர்கள். அரிப்பது டப்பாவைத்தான். காசு போகவேண்டிய இடம் அது.

வெல்டிங்கில் ஆர்கான் வெல்டிங் கேளுங்கள். எஸ்.எஸ்.ஸுக்கு அதுதான் அழகு, சாதா ராடு வைத்தால் ஒட்டின இடத்திலேயே முதலில் துரு பிடிக்கும். காரில் வைத்தே வெல்டு அடிப்பதாக இருந்தால் முதலில் பேட்டரி வயரைக் கழற்றச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் இன்ஜின் கம்ப்யூட்டர் 'டிக்கெட்' வாங்கிவிடும். பக்கத்தில்தான் பெட்ரோல் டேங்க் இருக்கிறது என்பதையும் ஞாபகப்படுத்துங்கள். அண்ணனுக்குத் தெரியும். இருந்தாலும் சொல்லுங்கள்.

இப்போது சோதனை ஆரம்பிக்கும். 'தம்பி, சும்மா கம்பெனி சத்தம் எதுக்கு? பெரிய பைப் போட்டு, உள்ள ஃப்ரீயா விட்டா, வண்டி பறக்கும். எஃபெக்ட்டும் செம்மயா இருக்கும்.' உங்கள் கண் முன்னால் மாக்கினன் வந்து போவார். போகட்டும்! புகை ஒரு வேகத்தில் வெளியேறினால்தான் அடுத்த புகையைப் பின்னால் இழுத்துக்கொண்டு வரும். 1.5 லிட்டர் இன்ஜினுக்கு அளவுக்கு மீறி அகலமான பைப் போட்டால் அந்த வேகம் குறையும். சிக்னலில் கிளம்பும்போது வண்டி சோம்பேறியாகும். சத்தத்துக்கு ஏற்ற வேகம் வராது. இடி இடிக்கும், மழை பெய்யாது. அப்புறம் அவ்வளவு சத்தத்தோடு வந்து, ஷேர் ஆட்டோவிடம் சிக்னலில் தோற்றால் அதைவிட அசிங்கம் உண்டா?

இதற்கு மேல் சட்டம் வேறு. மத்திய மோட்டார் வாகன விதி 120, ஒவ்வொரு வண்டியிலும் புகைச் சத்தத்தைக் குறைக்கும் சைலன்சர் இருந்தே ஆகவேண்டும் என்கிறது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்திய பிறகு, ஒலி, புகை வரம்பை மீறினால் முதல் தடவையே பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது மூணு மாதம் வரை ஜெயில், ரெண்டும் சேர்ந்தும் வரலாம். மூணு மாதத்துக்கு லைசென்ஸும் கட். புதிதாக வரும் கார்களுக்குச் சோதனையில் 74 டெசிபல்தான் வரம்பு. டெசிபல் கணக்கு விசித்திரமானது. பத்து கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு! 'நாலஞ்சுதானே ஜாஸ்தி' என்று இன்ஸ்பெக்டரிடம் வாதம் பண்ண முடியாது.

சத்தத்தைவிட முக்கியமான ஒன்று, கேட்டலிடிக் கன்வர்ட்டர். 1995 ஏப்ரலில் சென்னை உட்பட நாலு பெருநகரங்களில் புது பெட்ரோல் கார்களுக்கு இது கட்டாயமாச்சு. அதனால் உங்கள் பெட்ரோல் லான்சரில் பிறக்கும்போதே உண்டு. 'இது அடைச்சுக்கிட்டிருக்கு தம்பி, எடுத்துட்டு நேரா பைப் விட்டுடறேன், கூலி வேணாம்' என்று யாராவது சொன்னால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். கூலி ஏன் வேண்டாம்? அந்தத் தேன்கூட்டுக்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு இருக்கிறது. பழைய கன்வர்ட்டருக்கென்றே தனி மார்க்கெட் உண்டு. உங்கள் காரிலேயே கிராம் கணக்கில் மதிப்புள்ள பொருள் அதுதான். நல்லதாக இருந்தால் திரும்ப அதையே மாட்டச் சொல்லுங்கள். நிஜமாகவே அடைத்துப் போயிருந்தால் பழையதைக் கையில் வாங்கி, ரெண்டு இடத்தில் விலை கேட்டுவிட்டு, அந்தக் காசில் புதுசு போடுங்கள். எடுத்துவிட்டு ஓட்டினால் அடுத்த பொல்யூஷன் டெஸ்ட்டில் மாட்டுவீர்கள். சீடியா காலத்து பெட்ரோல் வண்டிகளுக்கு கார்பன் மோனாக்ஸைடு அரை சதவீதத்தைத் தாண்டக்கூடாது.

சைலன்சர் ரெடியாக ரெண்டு, மூணு மணி நேரமாகும். சாப்பாட்டை முடித்துவிட்டு ஆவடிக்கு வாருங்கள்.

ஆவடி என்றால் நமக்கு மிலிட்டரி. அந்தப் பெயரே கவச வண்டிக் கிடங்கைக் குறிக்கும் ஆங்கில எழுத்துகளின் சுருக்கம் என்று ஒரு கதை உலாவுகிறது. நம்புகிறவர்கள் நம்பலாம். 1961-ல் தொடங்கிய கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965-ல் வந்தது விஜயந்தா டாங்கி. அதற்குப் பிறகு அஜயா, அர்ஜுன். ஷாக் அப்சார்பர் வாங்கப் போகிறவன் டாங்கி பற்றி ஏன் பேசுகிறான் என்கிறீர்களா? ஆவடியிலேயே இருக்கும் சி.வி.ஆர்.டி.இ. ஆராய்ச்சிக்கூடம் வடிவமைத்த அர்ஜுன் கிட்டத்தட்ட அறுபது டன். அந்த மலையைக் குலுங்காமல் ஓடவைப்பது ஹைட்ரோ-நியூமேடிக் சஸ்பென்ஷன். அதாவது, இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதிலாக அடைத்து வைத்த வாயு, குலுக்கலை அடக்க எண்ணெய். குண்டும் குழியுமான நிலத்தில் ஓடிக்கொண்டே குறி பார்த்துச் சுட வேண்டுமே! உங்கள் லான்சருக்கு வாங்கப்போகும் கேஸ் ஷாக் அப்சார்பரிலும் எண்ணெயும் வாயுவும்தான். இங்கே கனம் தாங்குவது மட்டும் ஸ்பிரிங்.

இன்னொரு ஆவடி சமாச்சாரம். 1955-லிருந்து இங்கே டியூப் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா இருக்கிறது. சைக்கிளுக்குக் குழாய் செய்ய ஆரம்பித்து, வண்டிகளுக்கான துல்லியக் குழாய்கள் வரை போன கம்பெனி. ஷாக் அப்சார்பரின் உடம்பே ஒரு துல்லியமான குழாய்தானே! உள்ளே பிஸ்டன் எண்ணெய்க்குள் மேலும் கீழும் போகும். பிஸ்டனில் சின்னச் சின்ன வால்வு. எண்ணெய் அந்த ஓட்டை வழியாகக் கஷ்டப்பட்டு நுழைவதில்தான் குலுக்கலின் வேகம் சூடாக மாறிச் செத்துப்போகிறது. ஷாக் அப்சார்பர் போய்விட்டால் கார் நிற்காமல் துள்ளும். துள்ளும் நேரம் டயர் ரோட்டைத் தொடாது. தொடாத டயரால் பிரேக் பிடிக்க முடியாது. நவம்பர் மழையில், தண்ணீர் நிற்கும் சி.டி.ஹெச். ரோட்டில், முன்னால் போகிற பஸ் திடீரென்று நின்றால்... புரிந்ததா? சைலன்சருக்குச் செலவழித்துவிட்டு இதைத் தள்ளிப்போடாதீர்கள். காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறதென்றால், ஓட்டையைத் தற்காலிகமாக வெல்டு வைத்து அடைத்துவிட்டு ஷாக் அப்சார்பரை மாற்றுங்கள். கெத்து அடுத்த மாதம் வரட்டும்.

போய்விட்டதா என்று எப்படித் தெரியும்? பானெட் மூலையை ரெண்டு கையாலும் அழுத்தி விடுங்கள். ஒரு தடவை எழும்பி நின்றால் நல்லது. இன்னொரு துள்ளல், அதற்கப்புறம் ஒன்று என்றால் ஆள் அவுட். அடியில் குனிந்து பாருங்கள், குழாய் எண்ணெயில் நனைந்து மண் அப்பியிருந்தால் சந்தேகமே வேண்டாம். டயரைக் கையால் தடவினால் மேடு பள்ளமாக, அலை அலையாகத் தேய்ந்திருக்கும். ஆனால் 'டொம்' சத்தம் வந்தாலே ஷாக் அப்சார்பர்தான் என்று முடிவு கட்டாதீர்கள். லிங்க் ராடு, லோயர் ஆர்ம் புஷ், மேல் மவுன்ட் ரப்பர் எது போனாலும் அதே சத்தம்தான். லான்சரில் பின்பக்கமும் மல்டி லிங்க். ஒவ்வொரு சக்கரத்தையும் பல கைகள் பிடித்திருக்கும், ஒவ்வொரு கைக்கும் ரப்பர் புஷ். இந்த வண்டி வளைவில் அப்படி ஒட்டிக்கொண்டு போவதற்கும் அதுதான் காரணம், வயசானால் செலவு வைப்பதற்கும் அதுதான் காரணம்!

வாங்கும்போது சேஸிஸ் நம்பரை போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். லான்சர் வேறு, சீடியா வேறு. ஒன்று இன்னொன்றில் உட்காராது. 'அட்ஜஸ்ட் பண்ணி மாட்டிடலாம்' என்ற வார்த்தை காதில் விழுந்தால் அடுத்த கடை. கேப்ரியல், மன்றோ, ஜப்பானின் கயாபா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள், பார்ட் நம்பரைப் பெட்டியிலும் குழாயிலும் ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய மாடல் என்பதால் ஷெல்ஃபில் பல வருஷம் தூங்கிய சரக்கும் வரும். கேஸ் வகை என்றால் கடையிலேயே ராடை உள்ளே அழுத்தி விடுங்கள். தானாக மெல்ல வெளியே வரவேண்டும். வராவிட்டால் வாயு எப்போதோ போய்விட்டது.

'ரீகண்டிஷன்' என்று பாதி விலைக்கு ஒன்று மின்னும். பல இடங்களில் அதன் ரகசியம் இதுதான்... குழாயில் ஓட்டை போட்டு, பழைய எண்ணெயைக் கொட்டி, கெட்டியான எண்ணெய் ஊற்றி, ஓட்டையை அடைத்து, மேலே பெயின்ட். தேய்ந்த வால்வும் சீலும் அப்படியேதான் இருக்கும். முதல் வாரம் டைட்டாக இருக்கும், கடைக்காரர் முகம் மறப்பதற்குள் ஒழுகும்.

எப்போதும் ஜோடியாக மாற்றுங்கள். முன்னால் என்றால் முன்னால் ரெண்டும். டிரைவர் சைடு புதுசு, கிளீனர் சைடு பழசு என்றால் பிரேக் அடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். கூடவே மேல் மவுன்ட், பம்ப் ஸ்டாப் ரப்பர், தூசி உறை மூன்றையும் வாங்கிவிடுங்கள். அதை மறந்தால் திரும்பவும் முழுசாகப் பிரிக்க வேண்டும், கூலி ரெண்டு தடவை.

ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். முன் ஷாக் அப்சார்பரைச் சுற்றி ஸ்பிரிங் அழுத்தி வைக்கப்பட்டிருக்கும். ஸ்பிரிங் கம்பிரஸர் மாட்டாமல் மேல் நட்டைக் கழற்றினால் அது துப்பாக்கிக் குண்டு மாதிரி வரும். தாடையையும் உயிரையும் எடுக்கும். கம்பிரஸர் இல்லாமல் கயிறு கட்டிச் சமாளிக்கிற பட்டறையில் வண்டியைக் கொடுக்காதீர்கள், எதிரில் நின்று வேடிக்கையும் பார்க்காதீர்கள். பாவம், அங்கே ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொண்டு நிற்பது பெரும்பாலும் உங்களைவிடச் சின்னப் பையனாக இருப்பான்.

நல்ல மெக்கானிக்கை அடையாளம் காண மூணு விஷயம் இருக்கிறது. புதுசை மாட்டுமுன் நிறுத்தி வைத்து நாலைந்து தடவை அழுத்தி இழுத்து காற்றை வெளியேற்றுவார். பளபள ராடை பிளையரால் பிடிக்க மாட்டார்... ஒரு கீறல் போதும், சீல் கிழிந்துவிடும். ரப்பர் புஷ் உள்ள போல்ட்களைக் கடைசி டைட் வைப்பது வண்டியைக் கீழே இறக்கி, சக்கரத்தில் எடை ஏறிய பிறகுதான். அந்தரத்தில் தொங்கும்போதே டைட் வைத்தால் ரப்பர் முறுக்கிக்கொண்டே நின்று சீக்கிரம் கிழியும்.

தாழ்த்தும் ஆசை வேண்டாமா? ஸ்பிரிங்கை வெட்டி வண்டியைத் தரையோடு தரையாக இறக்குகிற ஸ்டைல்... வேண்டாம். காரணத்தை ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகும் ரோடே சொல்லும். பருத்திப்பட்டு, கூவம் பாலம், காடுவெட்டி, சென்னீர்குப்பம், கரையான்சாவடி. உங்கள் டெஸ்ட் டிரைவ் இந்த ரோடுதான். பருத்திப்பட்டு ஏரிக்கரையில் ரெண்டு நிமிஷம் நின்று காற்று வாங்கிவிட்டுக் கிளம்புங்கள். இந்தியச் சாலைகள் காங்கிரஸின் கணக்குப்படி ஒரு வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம் இருந்தால் 25 கிலோமீட்டர் வேகத்தில் அலுங்காமல் தாண்டலாம். நம் புறநகரின் உள் தெருக்களில், வீட்டுக்காரரே ஒரு சட்டி சிமென்ட்டைக் கொட்டி எழுப்பின வேகத்தடைகளை அந்தக் கணக்கு பார்த்ததே இல்லை. வெட்டிய ஸ்பிரிங்கோடு அதில் ஏறினால், காலையில் செய்த புது சைலன்சர்தான் முதலில் தரை தட்டும்!

பூந்தமல்லி. பழைய பெயர் பூவிருந்தவல்லி. வைணவர்களுக்குத் திருக்கச்சி நம்பி பிறந்த ஊர், லாரிக்காரர்களுக்கு பெங்களூரு ரோட்டின் வாசல். நெடுஞ்சாலை ஓரம் டயர் கடை, வீல் அலைன்மென்ட், லாரிப் பட்டறை என்று நீண்டுகொண்டே போகும். முன் ஷாக் அப்சார்பரைக் கழற்றி மாட்டினால் சக்கரக் கோணம் கட்டாயம் மாறியிருக்கும். இங்கே அலைன்மென்ட் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகவேண்டும். பிரிண்ட் அவுட் வாங்கி வையுங்கள்.

இங்கே ஆர்.டி.ஓ. நம்பர் டி.என். 12. அம்பத்தூர் 13, திருவள்ளூர் 20. உங்கள் நம்பர் பிளேட்டில் எது இருந்தாலும், பதினைந்து வருஷம் தாண்டிய காருக்கு ஆர்.சி.யைப் புதுப்பித்தே ஆகவேண்டும். ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை. டெல்லி மாதிரி இங்கே வயசை மட்டும் பார்த்து வண்டியைப் பிடுங்குவதில்லை. ஆனால், 2022 ஏப்ரலிலிருந்து கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆச்சு. இருபது வருஷம் தாண்டிய கார்களுக்கு 2025-ல் 10,000 ஆக்கினார்கள். அதைக் கட்டி, வண்டியை இன்ஸ்பெக்டர் முன்னால் நிறுத்தும்போது அவர் கேட்பது சைலன்சர் சத்தம், பார்ப்பது பொல்யூஷன் சர்ட்டிபிகேட், பிரேக், லைட். ஒழுங்காக வேலை பார்த்த வண்டிக்கு இன்னும் ஐந்து வருஷம் ஆயுள் கிடைக்கும்.

இவ்வளவு சொல்லியும் அந்தச் சத்தம் கேட்டே ஆகவேண்டும் என்று துடிப்பவர்களுக்கு பூந்தமல்லியிலிருந்தே ஒரு வழி இருக்கிறது. திருமழிசையைத் தாண்டி, பெங்களூரு ரோட்டில் ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னால் இருங்காட்டுக்கோட்டை. முன்பெல்லாம் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்காரர்கள் செங்குன்றம் பக்கம் சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர் காலத்து விமான ஓடுதளத்தில் ரேஸ் நடத்திக்கொண்டிருந்தார்கள். 1990-லிருந்து அவர்களுக்கு இருங்காட்டுக்கோட்டையில் சொந்த டிராக். ரேஸ் நாளில் கேலரியில் உட்கார்ந்தால் காது ரெண்டும் 'கொய்ங்' என்று ஆகும் வரை கேட்கலாம். போலீஸ் பிடிக்காது, பக்கத்து வீட்டுப் பாட்டி திட்டாது.

திரும்பி வரும்போது அம்பத்தூர் அண்ணன் மாட்டிக் கொடுத்த புது சைலன்சரிலிருந்து லேசாகப் புகையும் எண்ணெய் வாசனையும் வரும். பதறாதீர்கள். செய்யும்போது ஒட்டின எண்ணெயும் பெயின்டும் சூட்டில் எரிகிறது, அரைமணி நேரத்தில் நின்றுவிடும். ஒரு வாரம் ஓட்டிவிட்டு அதே பட்டறைக்குப் போய் கிளாம்ப்பையும் ஹேங்கர் ரப்பரையும் ஒரு தடவை டைட் வைத்து வாங்குங்கள். அதற்கு அண்ணன் காசு கேட்க மாட்டார். டீ மட்டும் நீங்கள் வாங்கிக் கொடுங்கள்.